உலர்த்தும் யந்திரமும் நிறுத்தும் அறிவும்

நனைந்த பொருளை உலர்த்துவதற்கு வெப்பமும் காற்றும் வேண்டும் என்பதை அறியாதார் இல்லை. ஆயின், உலர்த்துதலை எப்போது நிறுத்தவேண்டும் என்பதை அறிதல் அத்துணை எளிதன்று. காலத்துக்கு முன் நிறுத்தினால் பொருள் பூஞ்சணம் பிடித்துக் கெடும். காலங்கடந்து நிறுத்தினால் கருகிக் கெடும். மனிதன் வெப்பத்தை உண்டாக்கக் கற்ற சரித்திரம் மிக நீண்டது. அதனை உரிய நேரத்தில் தானாகவே நிற்கச் செய்யக் கற்ற சரித்திரமோ மிக அண்மைக் காலத்தது. அச்சரித்திரத்தின் சில அத்தியாயங்கள் இலங்கையின் மலைநாட்டிலே எழுதப்பட்டன. இன்று வீட்டிலே துணி உலர்த்தும் மின்யந்திரம் நிற்காமல் ஓடி இல்லத்தாரைத் திகைக்கவைக்கும்போது, அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள அந்தப் பழைய அத்தியாயங்களே துணைசெய்கின்றன.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து பேராதனையை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது பிலிமத்தலாவை. பித்தளை விளக்குகளும் தட்டங்களும் பளபளக்கும் கடைகளால் வழிப்போக்கர் இவ்வூரை இனங்கண்டுகொள்வர். தென்மேல் பருவக்காற்று இப்பகுதியை நனைக்கும். ஐப்பசி கார்த்திகையிலே மாலைதோறும் இடியுடன் மழை பொழியும். அதன்பின் வடகீழ்ப் பருவக்காற்று தன் பங்கைக் கொண்டுவரும். காலையிலே கொடியில் இட்ட துணி மாலையிலும் ஈரமாகவே இருத்தல் இங்கு புதுமையன்று. இத்தகைய ஈரமலைகளிலே உலர்த்துதல் என்பது இல்லத்தின் கவலை மாத்திரமன்று. ஒரு நாட்டின் வாணிபத்தையே தாங்கிய தொழிலாகவும் இருந்தது.

தேசாதிபதி எட்வேட் பான்சின் ஆட்சிக்காலத்தில், 1820களிலே, கொழும்பு-கண்டி வீதி வெட்டப்பட்டது. அதே பத்தாண்டிலே கண்டிப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கையும் வேரூன்றியது. மலைத்தோட்டங்களிலிருந்து கோப்பி ஏற்றிய மாட்டுவண்டிகள் பிலிமத்தலாவையைக் கடந்து கடுகண்ணாவைக்கு ஏறி, அங்கிருந்து தாழ்நிலத்துக்கு இறங்கின. 1867ஆம் ஆண்டில் கண்டிக்குப் புகையிரதம் வரும்வரை அவ்வண்டிகளே வாணிபத்தின் உயிர்நாடியாக விளங்கின. பயணம் பல நாட் பிடிக்கும். சாக்கினுள்ளே ஈரம் எஞ்சியிருப்பின் கொழும்பைச் சேருமுன்னரே கொட்டை நிறங்கெட்டு, பூஞ்சணம் பிடித்து, விலையிழந்துபோகும்.

கோப்பிப் பழத்தின் சதையை நீக்கிக் கழுவியபின், மேலுறையோடு கூடிய கொட்டைகளைப் பரந்த களங்களிலே வெயிலிற் பரப்புவர். தொழிலாளர் பலகையாலும் காலாலும் அவற்றைக் கிளறிவிடுவர். வானத்திலே கருமேகம் தோன்றியதும் அனைத்தையும் வாரிக் கூரையின் கீழே குவிக்கவேண்டும். குவியலில் ஈரமிருந்தால் அதுவே சூடேறிப் புளிக்கத் தொடங்கும். போதிய அளவு உலர்ந்ததா என்பதை அறியக் கருவி ஒன்றும் இருக்கவில்லை. கொட்டையைப் பல்லாற் கடித்து, நகத்தாற் கீறி, கையில் எடுத்துக் குலுக்கி ஓசை கேட்டே முடிவுசெய்தனர். நிறுத்தும் அதிகாரம் மனிதனின் பல்லிலும் நகத்திலும் செவியிலும் இருந்த காலம் அது.

வெயிலை நம்பியிருத்தல் இயலாதெனக் கண்ட தோட்டக்காரருள் ஒருவர் வில்லியம் கிளெரிஹியூ. துளைகள் உள்ள தளத்திலே கோப்பியைப் பரப்பி, விசிறிகளைச் சுழற்றி, அக்கொட்டைகளின் ஊடாகக் காற்றை வலிந்து செலுத்தும் முறையை அவர் வகுத்தார். 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியிலே அதன் மாதிரி உருவங்கள் வைக்கப்பட்டன. துளைத்த தளம், சுழலும் விசிறி, ஈரத்தை ஏந்திக்கொண்டு வெளியேறும் காற்று என்னும் மூன்றும் அதில் அமைந்திருந்தன. இன்றைய துணி உலர்த்தியின் துளைத்த உருளையையும் அதன் விசிறியையும் உற்றுநோக்குவோர், இலங்கைக் கோப்பிக் களஞ்சியத்தின் அமைப்பு அதிலே மறைந்திருத்தலைக் காணலாம்.

1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவருடைய முதலாவது தொழிற்சாலை அவர் குடியிருந்த பங்களாவின் விறாந்தையே. கொழுந்தை மேசைமீது வைத்துக் கையினால் உருட்டினர். களிமண் அடுப்பிலே மரக்கரி நெருப்பிட்டு, அதன்மேல் கம்பிவலைத் தட்டுகளை வைத்து உலர்த்தினர்.

தேயிலையை உலர்த்துதல் கோப்பியை உலர்த்துதலினும் நுட்பமானது. உருட்டிய கொழுந்து காற்றுப்பட்டுச் செந்நிறமாக மாறிக்கொண்டிருக்கும். அம்மாற்றத்தை உரிய கணத்திலே வெப்பத்தினால் தடுத்து நிறுத்துதலே உலர்த்துதலின் முதற் பயன். வெப்பம் குறைந்தால் மாற்றம் தொடர்ந்து, தூள் வெந்து, சாரம் மந்தமாகும். வெப்பம் மிகுந்தால் வெளிப்புறம் காய்ந்து, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். உலர்த்தத் தொடங்கும்போது கொழுந்தின் நிறையிற் பாதிக்கு மேல் நீராக இருக்கும்; முடியும்போது நூற்றுக்கு 3 பங்கு அளவே எஞ்சியிருத்தல் வேண்டும். அதற்குமேல் ஒரு சில நிமிடம் தாமதித்தாலும் கருகல் மணம் ஏறிவிடும்.

இக்குறையைத் தீர்க்க முயன்றவர்களுள் தலையாயவர் சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த அவர் 1864ஆம் ஆண்டில் இந்தியாவின் கச்சார்த் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். மரக்கரிப் புகை கொழுந்தில் நேரே படாதவாறு, சூடான காற்றை மாத்திரம் தட்டுகளின் ஊடாகச் செலுத்தும் உலர்த்தியை ஆக்கினார். 1881இல் பெல்பாஸ்ட் நகரிலே தொழிற்சாலை நிறுவி அதற்குச் சைரொக்கோ எனப் பெயரிட்டார். சகாராப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடலைக் கடந்து வீசும் வெங்காற்றின் பெயர் அது. அக்காலத்திலேயே வில்லியம் ஜாக்சன் என்பவரும் உருட்டும் யந்திரங்களையும் உலர்த்தும் யந்திரங்களையும் ஆக்கினார். துளைத்த தட்டுகள் சங்கிலியிற் பூட்டப்பெற்று மெல்ல நகர, கொழுந்து மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு விழுந்துகொண்டே செல்ல, வெங்காற்று கீழிருந்து மேலே ஏறும் யந்திரங்கள் பின்னர் மலைநாட்டுத் தொழிற்சாலைகளிலே நிலைபெற்றன.

இந்த யந்திரத்தில் இரண்டு வெப்பமானிகள் முக்கியமானவை. ஒன்று உட்செல்லும் காற்றின் சூட்டைக் காட்டும். அது ஏறத்தாழ 200 பாகை பரனைற்று அளவில் இருக்கும். மற்றொன்று கொழுந்தைக் கடந்து வெளியேறும் காற்றின் சூட்டைக் காட்டும். அது பெரும்பாலும் 120 முதல் 130 பாகைக்கு இடையில் நிற்கும். இவ்விரண்டில் உண்மையைச் சொல்வது பின்னதே. அதன் காரணம், மண்குடத்து நீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதை அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டிலே கிளாஸ்கோ நகரில் இவ்வுண்மையை ஆராய்ந்து மறைவெப்பம் எனப் பெயரிட்டார். ஒரு கிராம் நீரின் சூட்டை ஒரு சதமபாகை உயர்த்த ஒரு கலோரி போதும். கொதிநிலையிலுள்ள அந்நீரை ஆவியாக்குதற்கோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஆகையால், பொருளில் ஈரம் உள்ளவரை அதைக் கடந்துவரும் காற்று குளிர்ந்தே வரும். ஈரம் தீரத்தீர அக்காற்றின் சூடு ஏறும். வெளியேறும் காற்றே உலர்த்துதலின் சாட்சி. அதன் மொழியை அறிந்தவனே யந்திரத்தை நிறுத்தத் தகுதியுடையவன்.

அம்மொழியை அறிந்திருந்தவர் யார்? அடுப்புக்கு விறகிட்டவரும், தட்டுகளிற் கொழுந்தைப் பரப்பியவரும், வெளிவரும் தூளை விரலிடையே நொறுக்கி முகர்ந்து பார்த்தவரும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரே. தோட்டமக்கள் ஸ்டோர் என்று அழைத்த அத்தொழிற்சாலையிலே இரவு பகலாக அவர்கள் வேலைசெய்தனர். விறகடுப்பின் நெருப்பை நினைத்தவுடன் அணைத்தல் இயலாது. விசிறியோ சங்கிலியோ திடீரென நின்றுவிட்டால், உள்ளே அகப்பட்ட கொழுந்து அடுப்பின் சூட்டாற் கருகித் தீப்பற்றவுங்கூடும். அவ்வேளையில் குளிர்காற்று புகும் கதவைத் திறந்து, நெருப்பை இழுத்து வெளியேற்றி, தட்டுகளைக் காலிசெய்தல் வேண்டும். சில நிமிடங்களிலே செய்து முடிக்கவேண்டிய அச்செயலைக் கைப்பழக்கத்தாற் கற்றிருந்தவர்கள் அவர்களே.

டேவிட்சனின் பெயரும் ஜாக்சனின் பெயரும் சரித்திரத்தில் நிலைத்தன. அடுப்பின் முன் நின்றவர்களின் பெயர்களை அதே சரித்திரம் குறித்துவைக்கவில்லை. பிலிமத்தலாவைக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டிலே கட்டப்பெற்றது. அதனை அமைத்த தென்னிந்தியச் சிற்பாசாரியார் கணேஸ்வராச்சாரி என்பவரின் பெயரை அங்குள்ள கல்வெட்டு இன்றும் காட்டுகின்றது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் கல்லிலே கிடைத்த அந்த மதிப்பு, யந்திர யுகத்திலே வெப்பத்தை ஆண்ட தொழிலாளருக்குக் கிடைக்கவில்லை. 1925இல் எழுந்த ஹந்தானைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேயிலை அரும்பொருட்சாலையிலே பழைய யந்திரங்களைக் காணலாம். அவற்றை எப்போது நிறுத்துவது என்பதை அறிந்திருந்த கண்களையும் விரல்களையும் அங்கே காண இயலாது.

மனிதனின் கண்ணும் விரலும் செய்த இவ்வேலையை உலோகத்திடம் ஒப்படைக்கும் முயற்சி வேறொரு திசையில் நடைபெற்றுவந்தது. சூடேறினால் எல்லா உலோகங்களும் நீளும். எனினும் ஒரே அளவில் நீள்வதில்லை. பித்தளை உருக்கைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். பித்தளைத் தகட்டையும் உருக்குத் தகட்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிச் சூடேற்றினால், பித்தளை கூடுதலாக நீள முயல, உருக்கு அதைத் தடுக்க, தகடு வில்லைப் போல வளையும். பதினெட்டாம் நூற்றாண்டிலே ஜோன் ஹரிசன் இத்தகைய ஈருலோகத் தகட்டைக் கடிகாரத்திற் பயன்படுத்தினார். 1830ஆம் ஆண்டில் அன்ட்ரூ யூர் என்னும் ஸ்கொட்லாந்து இரசாயன அறிஞர், அத்தகடு வளையும் விசையைக் கொண்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். தேமொஸ்டாட் என்ற பெயரும் அவர் இட்டதே. தமிழில் அதனை வெப்பநிறுத்தி எனலாம். பிற்காலத்திலே மின்சாரம் வந்தபோது, தகடு வளைந்ததும் மின்னோட்டம் அறுந்து வெப்பம் நிற்கும் ஏற்பாடு எளிதாயிற்று. பிலிமத்தலாவைக் கடைகளிலே விளக்காகவும் தட்டமாகவும் நிற்கும் அதே பித்தளையின் ஒரு குணமே இந்தக் கருவிக்கு உயிராய் அமைந்தது.

துணி உலர்த்தும் யந்திரத்தின் சரித்திரம் 1800ஆம் ஆண்டளவிற் பிரான்சிலே தொடங்குகின்றது. பொஷோன் என்பவர், துளையிட்ட உலோக உருளையிலே ஈரத்துணியை இட்டு நெருப்பின்மேல் கையாற் சுழற்றும் கருவியைச் செய்தார். துணியிற் புகை மணம் ஏறுவதும் சிலவேளை துணியே தீப்பற்றுவதும் அதன் குறைகள். 1892ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஜோர்ஜ் சாம்சன் என்னும் கறுப்பினத்தவர், அடுப்பின் வெப்பத்தைக் கொண்டு துணி உலர்த்தும் சட்டத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பனி மூடிய வட டக்கோட்டாவில் வாழ்ந்த ரொஸ் மூர் பல ஆண்டுகள் முயன்று அமைத்த தானியங்கு உலர்த்தி 1938இல் விற்பனைக்கு வந்தது. இந்த யந்திரத்தில்தான், எப்போது நிற்பது என்ற பழைய வினா இல்லத்தினுள்ளே நுழைந்தது. பொஷோனின் உருளையைச் சுழற்றும் கை ஓய்ந்தால் உருளையும் நின்றுவிடும், மின்மோட்டார் ஓய்வதில்லை.

அதற்கு விடையாக யந்திர நூலார் இரண்டு வழிகளைக் கண்டனர். முதலாவது கடிகாரம். குறித்த நிமிடங்கள் கடந்ததும் பல்லுருளை ஒன்று மின் ஆளியைத் தள்ளி அணைத்துவிடும். இது துணியின் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாது. இரண்டாவது வழியே நுட்பமானது. வெளியேறும் காற்றின் வழியில் ஒரு வெப்பநிறுத்தியை வைத்தனர். துணி ஈரமாயிருக்கும்போது காற்று குளிர்ந்து வரும். வெப்பச் சுருள் எரிந்துகொண்டேயிருக்கும். கடிகாரம் நகராமல் காத்திருக்கும். காற்று குறித்த சூட்டை அடைந்ததும் சுருள் அணையும். அணைந்திருக்கும் நேரத்தில் மாத்திரமே கடிகாரம் நகரும். துணி உலர உலரச் சுருள் அணைந்திருக்கும் நேரம் கூடும். கடிகாரம் இறுதியை அடைந்து யந்திரம் நிற்கும். தேயிலைத் தொழிற்சாலையிலே வெளியேறும் காற்றின் வெப்பமானியைப் பார்த்து நின்ற தொழிலாளி கைக்கொண்ட விதியும் இதுவே.

இவ்விதியை அறிந்தால், நிற்காத யந்திரத்தின் மர்மம் பெரும்பாலும் விலகிவிடும். வெப்பச் சுருள் அறுந்துபோனால் காற்று சூடாகாது. காற்று சூடாகாவிடின் கடிகாரம் நகராது. உருளை இரவு முழுவதும் சுழலும். நிறுத்தும் உறுப்பு பழுதுபடவில்லை. வாராத வெப்பத்துக்காக அது காத்திருக்கிறது. பஞ்சுத்தூசு வெளியேறும் குழாயை அடைத்துவிட்டாலும் இதே விளைவு நேரும். ஈரக்காற்று வெளியேற வழியின்றித் தங்க, சுருளின் அருகிலுள்ள காவல் வெப்பநிறுத்தி அதனை அடிக்கடி அணைக்க, வெளிக்காற்று குறித்த சூட்டை அடையாமலே காலம் கழியும். பிற்கால யந்திரங்களிலே, உருளையினுள் இரண்டு உலோகப் பட்டைகள் உள்ளன. ஈரத்துணி அவற்றைத் தொடும்போது சிறு மின்னோட்டம் பாயும். உலர்ந்த துணி தொட்டாற் பாயாது. பட்டைமீது சவர்க்காரப் படலம் மூடினால் யந்திரம் காலத்துக்கு முன்னரே நின்றுவிடும். பட்டைகளின் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டாலோ, துணி என்றும் ஈரமே என நம்பி ஓடிக்கொண்டிருக்கும்.

நிறுத்தும் உறுப்பே கெடுவதும் உண்டு. மின் ஆளியின் முனைகள் சேர்ந்து பிரியும்போதெல்லாம் சிறு பொறி பறக்கும். நாளடைவில் அம்முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் குமிழைத் திருப்பினாலும் மின்சாரம் அறாது. பழுதை இனங்காண ஓர் ஒழுங்குமுறை உண்டு. நிமிடக் கணக்கில் இயங்கும் முறையிலே வைத்துப் பார்க்கும்போது யந்திரம் நின்றால், ஆளி நலமாயுள்ளது. குற்றம் வெப்பத்திலோ ஈரமறியும் உறுப்பிலோ உள்ளது. அம்முறையிலும் குமிழ் நகராவிடின் கடிகார மோட்டார் நின்றுவிட்டது. குமிழ் அணைப்பு நிலையில் இருந்தும் ஓடுமாயின் முனைகள் ஒட்டியுள்ளன. கதவைத் திறந்தபின்னும் உருளை சுழலுமாயின் கதவின் ஆளியும் செயலிழந்தது; அந்நிலையில் யந்திரத்தை இயக்குதல் ஆகாது. சில யந்திரங்கள் துணி கசங்காதிருத்தற்பொருட்டு, வேலை முடிந்தபின்னும் இடையிடையே சுழலும், அது பழுதன்று.

எந்தச் சோதனைக்கும் முன்னர்ச் செய்யவேண்டியது சுவரிலுள்ள ஆளியை அணைத்து மின்தொடர்பை நீக்குதல். அடுத்து, சூடான துணியை உருளையினுள்ளே குவியலாக விடாது வெளியே எடுத்து விரித்துப் போடுதல். எண்ணெய்க் கறை எஞ்சிய துணி சூட்டோடு குவிந்து கிடந்தால் தானாகவே மேலும் சூடேறித் தீப்பற்றக்கூடும். உலர்ந்த தேயிலையை ஆறவிட்ட பின்னரே பெட்டியில் அடைக்கவேண்டும் என்று தொழிற்சாலையில் வற்புறுத்துவதும், யந்திரம் நிற்குமுன் வெப்பமின்றிச் சில நிமிடம் சுழலுமாறு அமைக்கப்பட்டிருப்பதும் இத்தகைய எச்சரிக்கைகளே. அடைப்பை நீக்குதலை இல்லத்தார் செய்யலாம். கம்பியையும் ஆளியையும் மாற்றுதல் மின்தொழில் கற்றவரின் வேலை.

இவற்றை அலட்சியம் செய்தோர் கொடுத்த விலை சிறிதன்று. 2008 முதல் 2010 வரையிலான காலத்தில், அமெரிக்காவில் துணி உலர்த்திகளால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2900 வீட்டுத் தீவிபத்துகள் நேர்ந்தன என அந்நாட்டின் தீயணைப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. தூசு நீக்கித் தூய்மை செய்யாமையே அவற்றின் முதற் காரணமாகக் காணப்பட்டது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலண்டனின் மேற்குப் பகுதியிலே மாடிக் குடியிருப்பொன்றின் பல தளங்களில் தீப் பரவியது. அதுவும் ஓர் உலர்த்தியிலிருந்து எழுந்ததே.

களத்திலே கோப்பியைக் கடித்துப் பார்த்தவனும், சைரொக்கோவின் முன்னே தூளை முகர்ந்து பார்த்தவனும் பொருளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யந்திரம் அக்காவலை ஒரு சிறு தகட்டிடம் ஒப்படைத்து, மனிதனுக்கு ஓய்வளித்தது. அது நல்ல மாற்றமே. மழைக்காலத்திலே குழந்தையின் துணியும் நோயாளியின் படுக்கை விரிப்பும் ஒரு மணி நேரத்தில் உலர்வது எத்துணை பெரிய உதவி என்பதை மலைநாட்டுத் தாய்மார் நன்கறிவர். ஆனால், காவலை ஒப்படைத்தோர் காவலின் விதியையும் மறந்துவிடலாகாது. வெளியேறும் காற்றுக்கு வழி திறந்திருக்கிறதா, அது குளிர்ந்து வருகிறதா சூடாக வருகிறதா என்று கையை வைத்துப் பார்க்கும் வழக்கம், ஏடுகளிற் பெயர் பதியாத மக்கள் அடுப்பின் அனலிலே நின்று தேர்ந்த அறிவு. விலை மிகுந்த யந்திரத்துக்கும் இன்றுவரை அவ்வறிவே இறுதிக் காவலாக நிற்கின்றது.